குளிர்ந்த பரண்

போன பிப்ரவரியில் எங்கள் வீட்டுக் கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி விழுந்து என் மனைவி டக்மாரா இறந்தாள். குப்பை வாளியை வாசலுக்கு வெளியே வைக்கப் போயிருந்தாள். பனிக்கட்டியின் பாரம் மழைத்தண்ணீர் ஓடும் தகரப் பீலியையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. நான் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார்கள். விபத்து என்று எழுதினார்கள். பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன்.

இந்தக் குளிர்காலத்தில் நான் கணப்படுப்பைப் பற்றவைக்கவில்லை.

கூரைமேல் பனி உருகினால் தண்ணீர் வழிகிறது. விளிம்புக்கு வந்ததும் அது உறைகிறது. அடுத்து வரும் தண்ணீர் அதன் மேல் உறைகிறது. அப்படியே அணை மாதிரி தடித்துக்கொண்டு போகிறது. வீடு சூடாக இல்லாவிட்டால் பனி உருகாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சமையலறையில் ஆறு டிகிரி இருந்தது. குழாய் உறையாமல் இருக்க நூல் போலத் தண்ணீர் ஓடவிட்டேன். கோட்டோடு படுத்தேன். வெண்ணெய் ரொட்டியில் பரவாது. துண்டாக வெட்டி வைத்துத் தின்றேன். முதலில் விரல்கள் வலித்தன. டிசம்பருக்குள் அதுவும் பழகிவிட்டது.

எங்கள் துறைமுக ஊரான லியெபாயாவில் குளிர்காலம் பெரிதாக ஒன்றும் இல்லை. பனி விழும், இரண்டு நாளில் சேறாகும், மறுபடி உறையும், மழை வரும். உள்நாட்டில் இருப்பவர்கள் கூரையைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். நாங்கள் காற்றை மட்டும்தான் பார்த்தோம்.

கீழ் வீட்டில் சர்மீத்தே இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இருபது வருடமாக ஒரே படிக்கட்டைப் பயன்படுத்துகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் படியில் மறித்துக்கொண்டாள்.

"மைகோனிஸ், உங்களுக்குக் கீழே படுக்கிறது மீன்கடை ஐஸ்பெட்டிக்குக் கீழே படுக்கிற மாதிரி இருக்கு. நான் விறகு போட்டுப் போட்டு உங்க தரையைத்தான் சூடாக்குறேன்."

"நீங்களும் அடுப்பைக் குறைங்க."

"குறைக்கவா? நேரா என்னை மத்தி மீன் மாதிரி டப்பாவுல அடுக்கி எண்ணெய் ஊத்தி மூடிடுங்க. விலையாவது போவேன்."

நான் அடுத்த படியில் காலை வைத்தேன். அவள் வழிவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் மகள் மதாரா அயர்லாந்திலிருந்து கூப்பிட்டாள். அங்கே கார்க் நகரத்தில் இருக்கிறாள். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது வயிற்றில் குழந்தை. மே மாதம் பிறந்தான். அன்சிஸ் என்று பெயர். நான் அவனைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்திருந்தேன்.

"அப்பா, சர்மீத்தே அக்கா சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"வீட்டுக்குள்ள மூச்சு விட்டா புகை வருதாம்."

"கோட்டு போட்டுக்கறேன்."

"எட்டு மாசக் குழந்தையையும் கோட்டு போட்டுத் தூங்க வைக்கவா?"

"கூரை இருக்கே, மதாரா."

"எல்லார் வீட்டுலயும்தான் கூரை இருக்கு." பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். "டிக்கெட் எடுத்தாச்சு. இருபதாம் தேதி. அடுப்பு எரிஞ்சா வீட்டுக்கு வர்றேன். ரெண்டு வாரம் இருப்பேன். எரியலன்னா டிக்கெட்டைக் கிழிச்சிடறேன். ஹோட்டல்ல உட்கார்ந்து உனக்குக் குழந்தையைக் காட்டிட்டுப் போக என்னால முடியாது. அதுக்கப்புறம் எப்ப வர்றேன்னு கேட்காத."

"மறுபடி விழுந்தா?"

"விழாம இருக்க என்ன செய்யணுமோ செய். உனக்குத் தெரியலன்னா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு."

ஆளைச் சர்மீத்தேதான் பிடித்தாள். பெயர் ஓயார்ஸ். பக்கத்து ஊரான க்ரோபிஞாவிலிருந்து வேனில் வந்தார். பரண்களுக்கு வெப்பக் காப்புப் போடுகிறவர். பருத்த ஆள். கோட்டுப் பொத்தான் எதையும் போட்டிருக்கவில்லை. சமையலறையில் நின்று தன் மூச்சைத் தானே ஊதிப் பார்த்தார்.

"வீட்டுக்காரரே, இங்க மனுஷங்க குடியிருக்காங்களா, இல்ல உருளைக்கிழங்கு மட்டும்தானா?"

"நான் இருக்கேன்."

"உருளைக்கிழங்குக்குக்கூட இது ஆகாது. என்ன பிரச்சினை?"

"போன வருஷம் கூரை விளிம்புல பனிக்கட்டி கட்டுச்சு. இனிமே கட்டக் கூடாது. அடுப்பும் எரியணும்."

மற்றதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் பரணுக்குள் தலையை விட்டார். உடனே இறங்கிவிட்டார்.

"வெளியிலயும் குளிர், பரண்லயும் அதே குளிர். செத்த ஆளுக்குக் காய்ச்சல் பார்க்கச் சொல்றீங்க. அடுப்பைப் பத்தவைங்க, பார்க்கலாம்."

"மாட்டேன்."

"பத்தவைக்காம நான் எதைப் பார்க்க? ஜாதகமா பார்க்க முடியும்?"

சர்மீத்தே படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே போனாள். இரும்புக் கரண்டி நிறையத் தன் அடுப்புத் தணலை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"நகருங்க மைகோனிஸ். கால்ல கொட்டிடப் போறேன்."

நகர்ந்தேன். படுக்கையறையில் இருந்த அடுப்பில் தணலைக் கொட்டி, மேலே என் விறகை அடுக்கினாள். போன மார்ச்சில் அடுக்கி வைத்த விறகு. நன்றாகக் காய்ந்திருந்தது. உடனே பிடித்துக்கொண்டது. அடுப்பைச் சுற்றிப் பதித்த ஓடுகளில் படிந்திருந்த தூசு கருகும் வாசனை வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

மதியம் சர்மீத்தே பன்றிக்கொழுப்பில் வதக்கிய சாம்பல் நிறப் பட்டாணி கொண்டுவந்தாள். ஓயார்ஸ் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே தன் தொழிலைச் சொன்னார்.

"வீடு சூடா இருக்கணும். பரண் வெளிய மாதிரியே குளிரா இருக்கணும். ரெண்டும் சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கவே கூடாது. பேசிக்கிட்டா கூரைமேல இருக்கற பனி அழ ஆரம்பிச்சிடும். அவ்வளவுதான் வித்தை. இதுக்குத்தான் ஜனங்க என்னைக் கூப்பிடுறாங்க."

"இதைத் தெரிஞ்சுக்க ரெண்டு தட்டுப் பட்டாணி வேணுமா மேஸ்திரி?" என்றாள் சர்மீத்தே.

"மூணாவது தட்டு இருந்தா இன்னும் சொல்வேன்."

இரண்டு நாள் முன்னால் விழுந்த பனி கூரைமேல் நாலு விரல் உயரத்துக்குக் கிடந்தது. வெளியே மைனஸ் மூன்று. சாப்பாடு முடிந்து தெருவுக்குப் போனோம். எதிர்ப்புற நடைபாதையில் நின்று மேலே பார்த்தோம்.

"அங்க பாருங்க."

கூரை முழுவதும் வெள்ளையாக இருந்தது. ஓர் இடம் மட்டும், ஒரு மேஜை அளவுக்கு, சாம்பல் நிறமாகிப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குக் கீழே பனியின் அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு வாசற்படியில் விழுந்தது. இரண்டாவது சொட்டு விழவில்லை. விளிம்பிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது அதன் மேல் வந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுப்பு வீட்டைச் சூடாக்கினா கூரை மொத்தமும் மெதுவா இளகணும்," என்றார் ஓயார்ஸ். "இது ஒரே இடம். அங்க ஏதோ திறந்து கிடக்கு. வாங்க."

பரணில் குனிந்துதான் நிற்க முடியும். குறுக்கே இரண்டு துணிக்கொடிகள். கிளிப்புகள் அப்படியே இருந்தன. ஓயார்ஸ் முதலில் இரு முனைகளிலும் உள்ள சின்ன ஜன்னல்களைப் பார்த்தார். இரண்டிலும் சாக்கு திணித்திருந்தது.

"இது எதுக்கு?"

"காற்றுக்கு. இந்தத் தெருவுல எல்லாரும் அடைச்சிருப்பாங்க."

"பரண் மூச்சு விடுற மூக்கு அது. ஊரே சேர்ந்து மூக்கை அடைச்சு வச்சிருக்கீங்க."

பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு, முட்டிபோட்டு, தரைப் பலகை மேல் நகர்ந்தார். கொடிகளுக்குக் கீழே வந்ததும் சுடர் துள்ளியது. அவர் கையை வைத்துப் பார்த்தார். அங்கே ஒரு தகர வலை ஆணியடித்திருந்தது. அதைப் பிய்த்தார். உள்ளே துளைகள். கோழிமுட்டை நுழையும் அளவு. மூன்று மூன்றாக ஒன்பது. சூடான காற்று வந்து மெழுகுவத்தியை அணைத்தது.

அவர் சிரித்துவிட்டார்.

"எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது? அடுப்புக்கு நேர் மேல! துணி காய வைக்கவா?"

"ஆமா."

"காய்ஞ்சிருக்குமே!"

"ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்சிடும்."

"காயாம? நீங்க வீட்டை எங்க சூடாக்கினீங்க வீட்டுக்காரரே, கூரையைத்தான் வறுத்திருக்கீங்க. துளை போட்டு எத்தனை குளிர்காலம் ஆச்சு?"

"இது ரெண்டாவது. இந்தக் குளிர்காலம் அடுப்பு எரியல."

"அதுக்கு முன்னாடி விளிம்புல பனிக்கட்டி கட்டியிருக்கா?"

"இல்ல."

"ஒரு வருஷம்கூட?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது. வேற எதையும் தேட வேண்டாம்." அவருக்குத் திருப்தியாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டார். "மேஸ்திரி யாரு? ஆளைச் சொல்லுங்க, தெரிஞ்சு வச்சுக்கறேன்."

"நான்தான்."

சர்மீத்தே ஏணியில் நின்று பரண் வாயில் தலையை மட்டும் நீட்டியிருந்தாள். அவள் துளைகளைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தாள். ஓயார்ஸ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"இல்ல," என்றேன். "என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். துளைகளை அடைக்க வேண்டும். பரண் கதவைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்ட வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். தரை முழுவதும் முழங்கால் உயரத்துக்குக் காப்புப் போட வேண்டும். புகைபோக்கியைச் சுற்றித் தகரம். இரண்டு நாள் வேலை. நான் தலையாட்டினேன்.

அந்தத் துளைகளைப் போட்டது அந்தப் பிப்ரவரிக்கு முந்தின நவம்பரில். டக்மாராவுக்கு ஐம்பது வயது நிறைந்தது. குளிர்காலத்தில் வெளியே துணி காயாது. காற்று கொடியோடு கொண்டுபோய்விடும், இல்லாவிட்டால் துறைமுகத்து நிலக்கரித் தூசு படியும். பரணில் போட்டால் ஒரு வாரம் ஈரமாகவே தொங்கும். அவள் தினமும் ஏறித் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவாள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் துளைத்தேன். வந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து மச்சைப் பார்த்தாள். "பாலாடைக்கட்டி மாதிரி ஆக்கிட்டியே," என்று சிரித்தாள். மறுநாள் போர்வைகள் சூடாக இறங்கி வந்தன. ஒன்றை என் முகத்தில் அழுத்தினாள். தெரு முழுக்கச் சொன்னாள். மதாராவிடம் தொலைபேசியில் சொன்னாள். சர்மீத்தேயையும் துணி கொண்டுவரச் சொன்னாள்.

பனிக்கட்டிக்குக் காரணம் அடுப்பு என்று நினைத்திருந்தேன். எல்லார் வீட்டிலும் அடுப்பு உண்டு. அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஓயார்ஸ் போன பிறகு சர்மீத்தே படியிலேயே நின்றாள்.

"நானும் அங்கதான் காயப் போட்டேன், மைகோனிஸ். வாரம் ரெண்டு தடவை."

"தெரியும்."

"அது எப்படி இவ்வளவு சீக்கிரம் காயுதுன்னு ஒரு நாள்கூட யோசிக்கல."

"தெரியும்."

"எதையாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்ங்க."

அவளுடைய தணல் கரண்டியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"அடுப்பை அணைக்கவா?"

"தானா அணையும்."

மறுநாள் விடுப்பு எடுத்தேன். துளைகளுக்கு அளவாக ஒன்பது மரக்கட்டைகள் சீவினேன். புதுப் பலகை, அதனால் மச்சின் நிறத்துக்கு ஒட்டவில்லை. பசை தடவி ஒவ்வொன்றாகக் கீழிருந்து அடித்தேன். கொடிகளை அவிழ்த்தேன். சாக்குகளை உருவினேன். காற்று பரணுக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் போனது.

ஓயார்ஸ் மூன்றாம் நாள் இயந்திரத்தோடு வந்தார். அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் தொப்பியைக் கழற்றினார்.

"வீட்டுக்காரரே, அன்னைக்கு நான்…"

"பரவாயில்ல."

"செத்த ஆளுன்னெல்லாம் பேசிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது."

காப்பு என்பது பழைய செய்தித்தாள். பஞ்சு போல அரைத்து மூட்டையில் வருகிறது. அதை இயந்திரத்தில் போட்டால் குழாய் வழியாக மேலே ஊதும். அவர் பரணில் குழாயைப் பிடித்தார். நான் வாசலுக்கு முன்னால், வேனுக்குப் பக்கத்தில் நின்று மூட்டைகளைப் பிரித்துப் போட்டேன். சில துண்டுகளில் எழுத்துகள் அரைபடாமல் இருந்தன. பாதிப் பெயர்கள், பாதித் தேதிகள். படிக்கவில்லை. நான் நின்ற இடம் எந்த இடம் என்று தெரியும். மூட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த இரண்டு நாளும் ஓயார்ஸ் கிண்டலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேலை முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். நானேதான். ஆனால் கூரைமேல் சோதித்துப் பார்க்கப் பனி இல்லை. மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, மூன்று நாளும் மழை. டிராமில் போகும்போதும் வரும்போதும் மற்ற கூரைகளைப் பார்த்தேன். எல்லாம் ஈரமாக, கறுப்பாக இருந்தன. ஓயார்ஸைக் கூப்பிட்டேன்.

"காப்பு தாங்குமா?"

"தாங்கும், வீட்டுக்காரரே."

"நிச்சயமாவா?"

"பனி விழுந்ததும் தெருவுக்குப் போய்ப் பாருங்க. கூரை முழுக்க ஒரே வெள்ளையா இருந்தா நிச்சயம். திட்டு தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. ராத்திரியானாலும் வர்றேன்."

இருபதாம் தேதி மதாரா வந்தாள். வாசலில் நின்று உள்ளே கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு குழந்தையோடு உள்ளே வந்தாள். அன்சிஸுக்கு முடி இல்லை. என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். அடுப்பைத்தான் பிடித்திருந்தது. மதாராவின் பழைய தொட்டிலைப் படுக்கையறையில் போட்டிருந்தேன்.

சாயங்காலம் பனி விழ ஆரம்பித்தது. காலையில் ஒரு சாண் இருந்தது. மைனஸ் இரண்டு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வந்ததும் தெருவுக்குப் போனேன். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போனேன். யாரும் நடக்காமல் இருக்க வாசலுக்கு முன்னால் சிவப்பு வெள்ளை நாடா கட்டினேன்.

"நாய் வச்சிருக்கற ஆள் மாதிரிப் போய்ப் போய் வர்ற," என்றாள் மதாரா. "நாய் எங்க?"

"கூரையைப் பார்க்கறேன்."

"சரி பண்ணியாச்சுன்னு சொன்னியே."

"பண்ணியாச்சு."

அவள் குழந்தைத் துணிகளைத் துவைத்து முடித்திருந்தாள். ஈரத்துணித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பரண் ஏணியைப் பார்த்தாள்.

"மேல போட்டுடவா?"

"பரண்ல வேண்டாம்."

"ஏன்? அம்மா அங்கதான போடுவா. நிமிஷத்துல காயுதுன்னு எத்தனை தடவை சொன்னா. அப்பா எனக்காக மச்சுல ஓட்டை போட்டுச் சூட்டை மேல…"

நிறுத்தினாள்.

படுக்கையறைக்குள் போய் மச்சைப் பார்த்தாள். வெளிறிய வட்டங்கள். மூன்று மூன்றாக. நானும் உள்ளே போய் நின்றேன்.

"இதனாலயா?"

"ஆமா."

"யார் சொன்னா?"

"மேஸ்திரி. நானும் பார்த்தேன்."

அவள் தொட்டியைத் தரையில் வைத்தாள். கோட்டை எடுத்தாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பெட்டியை எடுக்கவில்லை. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜன்னலுக்குப் போனேன். அவள் எதிர்ப்புற நடைபாதையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி அவள் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. ஒரு கார் போனது. அவள் தலையைத் திருப்பவில்லை. பிறகு தெருவைக் கடந்து, நாடாவைத் தூக்கி, அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்து வாசற்படியில் நின்றாள். ஜன்னலிலிருந்து அவள் எனக்குத் தெரியவில்லை.

அன்சிஸ் விழித்து அழ ஆரம்பித்தான். தூக்கப் போனேன். கை சில்லென்று இருந்தது. அடுப்பு ஓடுகளில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன். அவன் அழுதுகொண்டே இருந்தான். சூடு உள்ளே வரும் வரை வைத்திருந்தேன். பிறகு தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். என் கழுத்தில் வாயை வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினான்.

மதாரா திரும்பி வந்தாள். தலையிலும் தோளிலும் பனி. கண் இமைகள் ஈரமாக இருந்தன. பனியாகவும் இருக்கலாம்.

"கூரை முழுக்க வெள்ளையா இருக்கு," என்றாள்.

"ம்."

"விளிம்புல ஒண்ணும் இல்ல. கீழ இருந்தும் பார்த்தேன்."

"ம்."

"அம்மாவுக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாது. அன்னைக்குக் காலையிலயும் போர்வை காயப் போட்டிருந்தா."

அவள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுப்புக் கதவைத் திறந்து இரண்டு விறகு போட்டாள். நாற்காலிகளை அடுப்பைச் சுற்றி இழுத்துப் போட்டு, சின்னச் சின்னக் காலுறைகளை ஒவ்வொன்றாக அவற்றின் முதுகில் தொங்கவிட ஆரம்பித்தாள்.

"அப்பா, தள்ளி நில்லு. சூட்டை மறைக்கற."

குழந்தையோடு தள்ளி நின்றேன்.